வாக்குச் சீட்டில் ஒரு பிள்ளையார் சுழி

சந்திரகாந்தி எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி போடுவாள். கடைக்குப் போகும் துண்டுக்கும் போடுவாள், வாடகை கட்டுகிற வங்கித் தாளுக்கும் போடுவாள். வங்கியில் இருக்கிற பெட்டை ஒருக்கா, "இது என்ன இலக்கம்?" என்று கேட்டும் விட்டாள். சுழியின் வாலை வலப்பக்கம் நல்லாய் நீட்டி, கீழே இரண்டு புள்ளி வைப்பாள். மற்றச் சனம் இரண்டு கோடு இழுக்கும். இவளுக்குப் புள்ளி. அப்பா அப்படித்தான் போடுவார்.

அந்தச் சுழிக்காக ஒரு நாள் ஜெர்மன் நீதிமன்றத்தில் எழும்பி நிற்க வேண்டி வரும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

ஜெர்மனியில், ஹம் நகரத்தில் இருந்து றெயினில் கொஞ்சத் தூரம் போனால் வருகிற ஒரு சின்ன நகரம் அது. அங்கே முதியோர் இல்லம் ஒன்றின் நிலக்கீழ் தளத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை அவளுக்கு. கணவர் முதலில் அகதியாக வந்து, பிறகு அவளைக் கூப்பிட்டார். பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்று மூன்றில் மாரடைப்பு வந்து அவரும் போய்விட்டார். அதன் பிறகு அவளுக்கு மிஞ்சியது வேலை, வெள்ளிக்கிழமைப் பூசை, வவுனியாப் பக்கத்தில் இருந்த அப்பா.

பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அவளுடைய அப்பா ஆயுளில் ஒரே ஒரு தரம் வாக்குப் போட்டவர். நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அடுத்த தேர்தல் வரமுன்னமே சட்டம் மாறிவிட்டது. தோட்டத்துச் சனம் இந்த நாட்டார் இல்லை என்று சொல்லிக் குடியுரிமையை எடுத்தார்கள். வாக்கும் கூடவே போயிற்று. அதற்குப் பிறகு பிறந்தவள் சந்திரகாந்தி. எழுபத்தேழுக் கலவரத்தில், அவர்கள் இருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நெருப்பு வைத்தபோது குடும்பமாக வவுனியாப் பக்கம் ஓடி வந்து காட்டை வெட்டிக் குடியிருந்தார்கள். அங்கேயும் பதிவு இல்லை, வாக்கு இல்லை. தேர்தல் நாளில் பக்கத்து வீட்டுச் சனம் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போவதைப் படலையில் நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஜெர்மனிக்கு வந்த பிறகு, தொண்ணூறாம் ஆண்டில் ஒரு நாள், கூட வேலை செய்த துருக்கிக்காரி பேப்பரைக் கொண்டுவந்து மடிச்ச துவாய்களுக்கு மேலே போட்டாள். வடக்கில் இரண்டு மாநிலங்களில் வெளிநாட்டுக்காரருக்கும் உள்ளூர்த் தேர்தலில் வாக்குக் கொடுக்கச் சட்டம் செய்திருந்தார்கள். கார்ள்ஸ்ரூவேயில் இருக்கிற பெரிய நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மக்கள் என்றால் ஜெர்மன் மக்கள் மட்டும்தானாம்.

"அப்ப நாங்கள் ஆர்?" என்று சந்திரகாந்தி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டாள்.

"நாங்கள் மற்றவையின்ர படுக்கை விரிப்பைத் தோய்க்கிற ஆக்கள்" என்றாள் துருக்கிக்காரி. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிய இயந்திரச் சத்தம்தான் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த வருசங்கள் பொல்லாதவை. வெளிநாட்டுக்காரர் இருந்த வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். பிள்ளைகளும் எரிந்தார்கள். லயம் எரிந்ததைப் பார்த்த கண் அவளுடையது. படுக்கப் போகமுன்னம் கதவடியில் ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டு, முருகா என்று சொல்லிப் படுப்பாள்.

தொண்ணூற்றைந்து பிறக்க, அவர்கள் இருந்த மாநிலத்தில் நகரங்கள் தோறும் வெளிநாட்டவர் சபை ஒன்று வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு வெளிநாட்டுக்காரரே வாக்குப் போடலாம். அந்தச் சபைக்கு ஒன்றையும் தீர்மானிக்க அதிகாரம் இல்லை. நகரசபைக்கு ஆலோசனை சொல்லலாம், கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான். அகதி விண்ணப்பம் முடியாதவர்களுக்கு அந்த வாக்கும் இல்லை. அதனால் தமிழரில் பாதிப்பேர் கணக்கிலேயே வரவில்லை.

எண்டாலும் குருமூர்த்தி அண்ணை விடவில்லை. இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிற மனிசன், நிமிர்ந்த கதை. தமிழர் பட்டியல் ஒன்று போட்டு, தன்னுடைய பெயரை முதலாவதாக வைத்தார். அவருக்கு ஒரே ஒரு விசயம். அகதிகள் இருக்கிற விடுதி ஊருக்கு வெளியே, பழைய களஞ்சியங்களுக்கு அப்பால் கிடந்தது. பஸ் தரிப்பில் இருந்து அங்கே போகிற பாதையில் ஒரு விளக்குக் கிடையாது. வெளிநாட்டுக்காரரைக் கண்டால் அடிக்கிற, மொட்டையடித்த பெடியங்கள் சிலர் அங்கேதான் காத்து நிற்பார்கள்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம்" என்பார் குருமூர்த்தி. "சபையில ஒரு கதிரை கிடைச்சாக் காணும். எழும்பி நிண்டு, உந்தப் பாதைக்கு லைற் போடுங்கோ எண்டு கேக்கலாம். கேட்டதை அவங்கள் எழுதத்தான் வேணும்."

சந்திரகாந்திக்கு விளக்கும் முக்கியந்தான். ஆனால் நகரசபையில் இருந்து அவளுடைய பெயருக்கு வாக்கு அட்டை வந்த நாளில், அவள் அதைச் சாமிப் படத்தடியில் வைத்து விளக்குக் கொளுத்தினாள். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு வந்த முதல் வாக்கு.

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் பூசை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது குருமூர்த்தி சொன்னார்:

"தங்கச்சி, உந்த வயசு போன பொம்பிளையளுக்கு எப்பிடி வாக்குப் போடுறதெண்டு ஒருக்காக் காட்டிவிடுங்கோ. நான் சொன்னா அவைக்கு வெக்கம், தலையாட்டிப்போட்டு இருப்பினம்."

அவள் சந்தோசமாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கை தன்பாட்டில் மேலே ஒரு சுழி போட்டது. பிறகு பெட்டி பெட்டியாகக் கீறி, மூன்றாவது பெட்டிக்குள் இரண்டு கோட்டைக் குறுக்கே வெட்டி ஒரு புள்ளடி போட்டுக் காட்டினாள். "இதுதான் எங்கட. இதுக்குள்ள மட்டும் ஒரு புள்ளடி. பிறகு மடிச்சுப் பெட்டிக்குள்ள போடுறது. விளங்கிச்சோ?"

தாள் கை மாறிக் கை மாறிப் போயிற்று. எல்லோரும் தலையாட்டினார்கள். கடைக்காரருக்குத் தெரிந்த கத்தோலிக்க மனிசி பேர்பெச்சுவா கறிவேப்பிலை வாங்க வந்தவள், கதவோடு சாய்ந்து நின்றாள். மன்னார்க்காரி. வாய் சும்மா இராது.

"காந்தியக்கா, பிள்ளையாரையும் பட்டியலில சேத்துப்போட்டியளோ? அவர் நிண்டா குருமூர்த்தி அண்ணைக்கு ஒரு வாக்கும் விழாது."

"நீ போடி. நீயும் எதை எழுதினாலும் மேல ஒரு குட்டிச் சிலுவை கீறிப்போட்டுத்தானே தொடங்குறனீ."

"அது மாதாவுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று பேர்பெச்சுவா சிரித்தாள். அன்றைக்கு அது பகிடி.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. சந்திரகாந்தி தலைக்கு முழுகி, கலியாணத்துக்குப் போவதுபோல மாம்பழ நிறச் சேலை உடுத்தி, அதற்கு மேலே குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அறை வாசலில் இருந்த வெள்ளைக்கார மனிசன் அவளுடைய அட்டையைப் பார்த்து, பெயரைத் தட்டித் தடவி வாசித்து, "நல்வரவு" என்றான். அப்பாவும் இப்படி ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தானே போயிருப்பார் என்று நினைத்தாள். மறைப்புக்குள்ளே போய்ச் சீட்டை விரித்தாள். நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. பிள்ளையாரப்பா, துணையாயிரு என்று மனதுக்குள் சொன்னாள். புள்ளடியைப் போட்டு, மடித்து, பெட்டியின் வாய்க்குள் விட்டு, அது உள்ளே விழுகிற சத்தம் கேட்கிற மட்டும் நின்றாள்.

அன்று மாலையே வவுனியாவில் தொலைபேசி வைத்திருக்கிற கடைக்கு எடுத்து, அப்பாவுக்குச் சொல்லிவிடச் சொன்னாள்: உங்கட மகள் வாக்குப் போட்டிட்டாள்.

இரண்டாம் நாள் குருமூர்த்தி அவளுடைய வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"வாக்கு எண்ணேக்க நான் பக்கத்தில நிண்டனான், தங்கச்சி. எட்டு வாக்கு. எட்டே எட்டு வாக்கால கதிரை போச்சு."

"கடவுளே."

"பொறுங்கோ. பதினொரு சீட்டைச் செல்லாதெண்டு தள்ளி வச்சவங்கள். பதினொண்டும் எங்கட பெட்டிக்குப் போட்டது. பத்தில மேல பிள்ளையார் சுழி. ஒண்டில சிலுவை." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நீங்கள் காட்டிக் குடுத்த தாளிலயும் சுழி போட்டனீங்களோ?"

சந்திரகாந்தி கதிரையில் இருந்துவிட்டாள். பள்ளிக்கூட மறைப்புக்குள் தன்னுடைய கை முதலில் எங்கே போனது என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கிழவிகள் சுழியையும் சட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய கையும் தன்பாட்டில் போட்டிருக்கும்.

"சாமிக்குப் போட்டதை ஏனண்ணை தள்ளி வச்சவை?"

"சீட்டில புள்ளடியைத் தவிர வேற அடையாளம் இருக்கக்கூடாதாம். இருந்தா ஆர் போட்டதெண்டு கண்டுபிடிச்சிடலாமாம். அதுதான் சட்டம்."

நகரசபைக்கு ஆட்சேபணை எழுதினார்கள். தள்ளிவிட்டார்கள். குருமூர்த்தி ஒரு ஜெர்மன் வழக்கறிஞரைப் பிடித்தார். இளந்தாரி, தமிழரில் இரக்கம் உள்ளவர். சிலுவை போட்ட சீட்டை விட்டுவிடுவோம் என்றார் அவர். அதில் இரண்டு புள்ளடி மாதிரி இருக்கிறது, வாதாட ஏலாது. ஆனால் சுழி போட்ட பத்தும் செல்லும் என்று தீர்ப்பு வந்தால் கதிரை தமிழருக்கு.

பேர்பெச்சுவா தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியளே அக்கா, உங்கட பிள்ளையாருக்கு வக்கீல் இருக்கு. என்ர ஆண்டவருக்கு ஒருத்தருமில்லை."

அடுத்த வருசம் வழக்குக்கு நாள் குறித்து ரெர்மின் வந்தது. சந்திரகாந்தி சாட்சி. விசாரணைக்கு முதல் நாள் வழக்கறிஞர் சொன்னதைக் குருமூர்த்தி அவளுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினார்.

"சின்ன விசயம், தங்கச்சி. இந்தச் சுழியை எல்லாத் தமிழரும் போடுவினம், அதை வச்சு ஆரின்ர சீட்டெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இதை மட்டும் சொல்லுங்கோ. காணும்."

"அது உண்மைதானே அண்ணை" என்றாள் அவள். உண்மை என்றுதான் நம்பினாள்.

நீதிமன்ற அறை கோயிலைப்போல அமைதியாக இருந்தது. நீதிபதி நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, தாழ்ந்த குரல். மொழிபெயர்க்க ரகுநாதன் என்று ஒரு தமிழர் வந்திருந்தார். சாட்சி உண்மை மட்டும் பேசவேண்டும் என்று நீதிபதி சொல்ல, ரகுநாதன் அதைத் தமிழில் சொன்னார். அவள் கைகூப்பினாள்.

"இந்த அடையாளம் என்ன?"

"அது பிள்ளையார் சுழி, ஐயா. எதையும் தொடங்க முன்னம் கடவுளை நினைச்சுப் போடுறது. வேற ஒரு கருத்தும் இல்லை."

"எல்லாத் தமிழ் இந்துக்களும் போடுவார்களா?"

"ஓம் ஐயா. முக்கால்வாசிப்பேர் போடுவினம்."

வழக்கறிஞர் குருமூர்த்தியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். நல்லாய்ப் போகுது என்று அர்த்தம். அப்போது நீதிபதி ஒரு உறையைத் திறந்து, பத்துச் சீட்டையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அவளைக் கிட்ட வரச் சொன்னார்.

"வடிவாகப் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று யாருடையது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

சந்திரகாந்தி குனிந்தாள். சுழிகள். நடுங்கும் கையால் போட்டவை, அழுத்திப் போட்டவை. ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு கோடு. ஏழாவது சீட்டில் வால் நீண்டு வலப்பக்கம் போயிருந்தது. கீழே இரண்டு புள்ளி.

அப்பாவின் சுழி. அவருடைய கையால் அவள் கைக்கு வந்தது. இந்த ஊரில் வேறொருத்தரும் அப்படிப் போடுவதில்லை.

தெரியாது என்று ஒரு சொல்லுச் சொன்னால் முடிந்தது. ரகுநாதன் காத்துக்கொண்டு நின்றார். பின்னால் குருமூர்த்தியின் கதிரை கிரீச்சிட்டது. விடுதிப் பாதையின் இருட்டு அவளுடைய கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் அந்தச் சுழியைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலாலேயே எப்படிப் பொய் சொல்லுவது? கடவுளை நினைத்துப் போட்டதென்று இப்பத்தானே சொன்னாள்.

"ஓம் ஐயா" என்றாள். "இது என்ரை."

ரகுநாதன் ஒரு கணம் மொழிபெயர்க்காமல் அவளைப் பார்த்தார். பிறகு சொன்னார். வழக்கறிஞர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"எப்படித் தெரியும்?" நீதிபதியின் குரல் மாறவில்லை.

"புள்ளி, ஐயா. என்ர அப்பா அப்பிடித்தான் போடுவார்."

நீதிபதி அவளுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி மெய்யானது என்று அவளுக்குப் பட்டது. தீர்ப்பு மத்தியானத்துக்குப் பிறகு வந்தது. வாக்காளரின் நம்பிக்கையை நீதிமன்றம் மதிக்கிறது. ஆனால் சீட்டில் உள்ள அடையாளத்தை வைத்து அதைப் போட்டவரை அறியலாம் என்பது இந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. போட்டவர் என்ன நினைத்துப் போட்டார் என்பதைச் சட்டம் பார்க்காது. பத்துச் சீட்டும் செல்லாது. தேர்தல் முடிவில் மாற்றம் இல்லை.

றெயினில் திரும்பி வரும்போது குருமூர்த்தி எதிர் இருக்கையில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஊர் வருகிற நேரத்தில்தான் வாய் திறந்தார்.

"நீங்கள் பொய் சொல்லியிருக்க வேணும் எண்டு நான் சொல்ல ஏலாது, தங்கச்சி. சொல்லக் கூடாது. ஆனா என்ர மனம் அதைத்தான் சொல்லுது." பிறகு எழும்பிக் கதவடிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் அவளுக்குப் பக்கத்தில் இருக்க ஒருத்தரும் வரவில்லை. தேவாரம் முடிய, சுந்தரேஸ்வரி என்கிற மனிசி மற்றப் பெண்களுக்குச் சொல்வதுபோல, ஆனால் இவளுக்குக் கேட்கக்கூடியதாகச் சொன்னாள்: "தோட்டக்காட்டாளைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனா உப்பிடித்தான் முடியும்."

தோட்டத்துச் சனத்தை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லைக் கேட்டதும், சந்திரகாந்தி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். பேர்பெச்சுவா கடை வாசலில் நின்றாள். உள்ளே கதைத்தது அவளுக்கும் கேட்டிருந்தது.

"நான் போய் அவவின்ர வாயைக் கிழிக்கட்டே அக்கா?"

"வேண்டாம். சாமியறை."

"உங்கட சாமியறைதானே. எனக்கென்ன பாவம்?"

சந்திரகாந்திக்குச் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றும் விட்டது.

அந்த மாரியில், விடுதிப் பாதையில் ஒரு மனிசனை அடித்துப் போட்டார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்தவன். ஒரு கண் போய்விட்டது. விளக்கு அப்போதும் இல்லை. கதிரை இருந்து, குருமூர்த்தி எழும்பி நின்று கேட்டிருந்தால் விளக்கு வந்திருக்குமோ, ஆருக்குத் தெரியும். கேட்டிருப்பார். அது மட்டும் தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாள். அந்த மனிசனின் பெண்சாதி சோற்றை வாங்கினாள், இருங்கோ என்று சொல்லவில்லை.

அப்பாவோடு கதைக்க நாள் குறித்து, வவுனியாக் கடைக்கு எடுத்தாள். அவரோடு கதைக்கும்போது அவளுடைய பேச்சு மலைநாட்டுப் பேச்சாக மாறிவிடும்.

"கேஸ் என்னாச்சும்மா?"

"தோத்துட்டோம்ப்பா. எங்க சீட்டு செல்லாதுன்னுட்டாங்க. நான் போட்ட சுழியாலதான். உங்க புள்ளியாலதான்." எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உன்னையக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டாங்களா?"

"ஆமாப்பா."

"சீட்டை எடுத்து உன் கண்ணு முன்னால வச்சாங்களா?"

"ஆமாப்பா. வச்சாங்க."

"எங்களை யாரும் கூப்பிடவே இல்லம்மா" என்றார் அப்பா. "ஒரு நாளு கங்காணி வந்து, உங்களுக்கெல்லாம் இனிமே ஓட்டு இல்லைன்னாரு. நாங்க கொழுந்தெடுக்கப் போயிட்டோம்."

பிறகு அவர் மழையைப் பற்றிக் கதைத்தார். அங்கே சண்டையில் ஷெல் விழுவதைப் பற்றிக் கதைக்கவில்லை. தொண்ணூற்றெட்டில் காய்ச்சலில் இறந்துபோனார். அவள் போகவில்லை, அகதிக் கடவுச்சீட்டில் அந்த நாட்டுக்குப் போக ஏலாது.

அடுத்த வருசம் வெளிநாட்டவர் சபைக்குத் திரும்பவும் தேர்தல் வந்தது. தமிழர் பட்டியல் ஒன்றும் இல்லை. குருமூர்த்தி லண்டனுக்குப் போய்விட்டார், மற்றவர்களுக்கு மனம் விட்டுப்போய்விட்டது. வாக்கு அட்டை வந்தது. சந்திரகாந்தி வேலை உடுப்போடு, அதே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மறைப்புக்குள் சீட்டை விரித்தாள். கை பழக்கத்தில் மேலே போயிற்று. இடக்கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அங்கே இருந்த பெயர்களில் ஒன்றையும் அவளுக்குத் தெரியாது. ஒரு பெட்டிக்குள் புள்ளடி போட்டாள். வேறொன்றும் எழுதவில்லை. மடித்துப் போட்டுவிட்டு, அது விழுகிற சத்தத்துக்கு நிற்காமல் வெளியே வந்தாள்.

வாசலில் பேர்பெச்சுவா குடையோடு நின்றாள்.

"என்னக்கா, இந்த முறை செல்லுமோ?"

"செல்லும்."

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"தெரியாது" என்றாள் சந்திரகாந்தி. மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் பஸ் தரிப்புக்கு நடந்தார்கள்.